நைனா வரும் வரைக்கும் சடை

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு என் மகனின் சடையைப் பிரிக்க ஆரம்பித்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்? அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், இடுப்பு வரை சடை, நுனியில் சிவப்பு ரிப்பன்.

சற்று முன்புதான் நர்ஸ் அவனிடம், "பாப்பா, நீ பேரேமிட்டி?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். "பாப்பா காது. பாபு!" பாப்பா இல்லை, பையன் என்று குரலைத் தடிமனாக்கிச் சொன்னான் என் மகன் சரண். அப்போது அவனுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலில் கண் செருகினாலும் ரோஷம் மட்டும் குறையவில்லை.

சடை பிரியப் பிரிய வாடை வந்தது. தேங்காயெண்ணெய், வியர்வை, அதற்கும் அடியில் சீழ். உச்சியிலும் பிடரியிலும் வேனல் கட்டிகள் மொச்சைக்கொட்டை பருமனுக்குப் பழுத்திருந்தன. முடி அவற்றின்மேல் ஒட்டிக் காய்ந்து அட்டைபோல் கிடந்தது. டாக்டரம்மாவின் விரல் பட்டதும் சரண் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான்.

"முந்து ஜுட்டு தீசேயண்டி அம்மா," என்றார் அவர். முதலில் முடியை எடுங்கள், இல்லாவிட்டால் மருந்து உள்ளே போகாது என்று விளக்கமும் சொன்னார். ஒரு பையனுக்கு முடி எடுக்கச் சொல்வதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

"அவங்க நைனா வரணும் மேடம்," என்றேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம்.

"எக்கட உன்னாரு ஆயன?"

"பார்டர்ல."

"எப்புடு வஸ்தாரு?"

எப்போது வருவார் என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிறந்த முடி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் முனிரத்தினம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். நாங்கள் வெதுருகுப்பம் பக்கத்துத் தமிழ்க்காரர்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற ஜாதி. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டில் முதன்முதலாக யூனிபார்ம் போட்டவர் அவர். அதனால் அவர் லீவில் வந்தால் தெருவே வந்து நிற்கும், என்னோடு பேச அவருக்கு நேரம் இருக்காது.

எங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளையின் முதல் முடி மலைமேல் இருக்கிறவருக்கு. அதுவரை கத்தரிக்கோல் படக்கூடாது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அப்பன் கூடவே நின்று இறக்க வேண்டும். ஒன்றாம் வயது, தவறினால் மூன்று, அதுவும் தவறினால் ஐந்து. இரட்டைப்படை வயதில் செய்ய மாட்டோம்.

ஒன்றாம் வயதில் அவருக்கு லீவு சாங்ஷன் ஆகி, ரயிலில் சீட்டும் போட்டு, கடைசியில் ரத்தாகிவிட்டது. மூன்றாம் வயதில் ஆள் வந்தே விட்டார். புதுத் துண்டு, சந்தனம், எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முன்னால் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் போய்விட்டார். சாவு விழுந்த வகையறா வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது. துண்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அந்த லீவு முடிந்து கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் சரணைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"புள்ள பொறந்தப்ப நான் இல்ல. நடந்தப்ப இல்ல. ஸ்கூல்ல சேக்கும்போதும் இருக்க மாட்டேன். இதுக்காவது நான் இருக்கணும்மே. நான் வராம முடிய எறக்கிடாத."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வளர்ந்தது முடி.

சடை போட்ட பாபு

அந்த முடியை நான் வளர்த்த கதையைச் சொன்னால் ஒரு வாரம் போதாது. என் தலையில் அந்த வயதில் எலிவால் அளவுக்குத்தான் இருந்தது. பிள்ளைக்கோ கருகருவென்று, கையில் பிடித்தால் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டு அலசி, வாசலில் உட்காரவைத்துக் காயவைப்பேன். சிக்கெடுக்கும்போது அவன் கத்துகிற கத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும்.

பஸ்ஸில் கண்டக்டர் அவனை, "சின்ன பாப்பா, லோப்பலிக்கி போ" என்று உள்ளே அனுப்புவார். எல்.கே.ஜி.யில் டீச்சர் பெண்பிள்ளைகள் வரிசையில் நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, "எனக்கு இது வாணாம்" என்று அழுதான்.

"நைனா வந்ததும் எடுத்துடலாம்டா."

"நைனா எப்ப வரும்?"

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா நாளைக்கா?"

நாளைக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறுநாள் காலையில் எழுந்து கணக்குக் கேட்கும். சரணுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற ஒரு முகம். "நைனா, எம்மாம் நீளம் பாரு" என்று சடையை எடுத்துக் காமிரா முன்னால் ஆட்டுவான். அவரும் அங்கிருந்து அதைப் பிடித்து இழுப்பதுபோல் பாவனை காட்டுவார். இவன் "ஆ, வலிக்குது" என்று தலையைச் சாய்த்துக்கொள்வான். அவர்கள் இருவரும் சேர்ந்து விளையாடிய ஒரே விளையாட்டு அதுதான்.

இதனால்தான் அந்த முடியில் யாரும் கை வைக்க நான் விடவில்லை. சொந்தக்காரர்கள் சொல்லாத பேச்சில்லை. "தாய்மாமன் கீறான், அத்தைக்காரி கீறா, போய் எறக்கிக்கினு வரதுதானே" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். கட்டினவன் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டது, அதைக்கூட அவனுக்காக எடுத்து வைக்கக்கூடாதா?

டவர் இல்லாத இடம்

அந்த வருஷம் மாசி கடைசியில் போன் செய்தார். குரலில் அவசரம் இருந்தது.

"மேல அனுப்பறாங்க. அங்க டவரு கெடையாது. ஒரு மாசம் போன் வராது, பயப்படாத. டிவி பாக்காத. அம்மாவையும் பாக்க வுடாத."

எந்த மேல், எவ்வளவு மேல் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டார். நாங்களும் இங்கே நடக்கிற எதையும் அவருக்குச் சொல்ல மாட்டோம். பட்டாளத்து வீடுகளில் இது எழுதாத சட்டம். ஆடு செத்ததா, அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியதா, பிள்ளை விழுந்து பல் உடைத்துக்கொண்டதா, ஒன்றையும் அங்கே தெரியப்படுத்தக்கூடாது. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மனசு வீட்டுக்கு ஓடினால் ஆபத்து என்று பயம். பேசுவதெல்லாம் மழை பெய்ததா, மாங்காய் விலை என்ன என்பதுதான்.

டிவி பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? தெலுங்குச் சேனலில் எல்லையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். அத்தை, அதாவது அவருடைய அம்மா மங்கம்மா, ஒருநாள் எழுந்துபோய் டிவி வயரைப் பிடுங்கிச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார்.

"ரிப்பேரு," என்றார் என்னைப் பார்த்து.

"ஆமா அத்தெ, ரிப்பேருதான்," என்றேன் நானும்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அவரைப் பற்றிப் பேசவே இல்லை. அடுப்பில் சோறு பொங்கினால் பேசினோம். கறவைக்காரன் வரவில்லை என்றால் பேசினோம். போன் மட்டும் சார்ஜில் இருந்து இறங்காமல் இருந்தது. ஒரு மாதம் முடிந்து அடுத்ததும் பாதி ஓடிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் சரண் தலையில் முதல் கட்டி வந்தது. சித்தூர் ஜில்லா வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களுக்கே முதுகு வெந்து போகும். அந்தப் பிள்ளை தலைமேல் ஒரு கம்பளியைச் சுமந்துகொண்டு விளையாடினான்.

அந்தப் பையனின் கை

டாக்டரம்மாவிடம் நான் சொன்னது பாதி உண்மை. மீதியை நான் யாரிடமும் சொல்லவில்லை, அத்தையிடம்கூட.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் மொட்டைத் தலையோடு நின்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, கோவிந்தனுக்கு வேண்டுதல். இன்னொன்று, அப்பன் செத்திருக்கிறான்.

அதற்கு முந்தின வருஷம் பக்கத்து மண்டலத்தில் ஒரு ஜவானின் பெட்டி வந்தது. அவருடைய மனைவியை எனக்கு முன்பின் தெரியாது. ஆனாலும் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி என்ற முறையில் போனேன். கொடி போர்த்தியிருந்தது. ஆபீசர்கள் விறைப்பாக நின்றார்கள். கலெக்டர் ஆபீஸ் ஆட்கள், போலீஸ், செல்போனைத் தூக்கிப் பிடித்த இளவட்டங்கள் என்று கூட்டம் தாங்கவில்லை.

முன்னால் அந்த வீட்டுப் பையன் நின்றான். சரணைவிடக் கொஞ்சம் பெரியவன். அப்போதுதான் மொட்டை அடித்து ஈரத்தோடு கூட்டி வந்திருந்தார்கள். அவன் அழவில்லை. என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். கையைத் தூக்கித் தூக்கித் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலை புதிதாக இருந்தது அவனுக்கு. துப்பாக்கி வெடித்தபோதும் அந்தக் கை தலைமேலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து சரணின் முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பைத்தியக்காரத்தனம் புகுந்துகொண்டது. அவர் பக்கத்தில் நிற்கும்போது இந்தத் தலையில் பிளேடு பட்டால் அது வேண்டுதல். அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதபோது பட்டால்? என் கையாலேயே என் பிள்ளையை அந்தப் பையனாக ஆக்கினதுபோல் ஆகிவிடுமே.

படித்தவர்கள் சிரிக்கலாம். நானும் டிகிரி வரை படித்தவள்தான். போன் வராத வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

மறுபடி அந்த டாக்டரம்மா

மருந்து, மாத்திரை, ஆயின்ட்மெண்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். முடியை எடுக்கவில்லை. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ஒதுக்கி ஒதுக்கிப் பூசினேன். பெரிய கட்டி உடைந்தது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது. பிள்ளையால் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினான்.

"இன்னாடி பண்ணலாம்?" என்றார் அத்தை.

"டாக்டரு முடிய எடுக்கச் சொல்றாங்க அத்தெ."

"எடுக்கலாம். வாணாம்னு சொல்லல. அவன் வந்துடட்டும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவருக்கும் அதே பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பெற்றவர். என்னைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

ஒருநாள் காலையில் சரணுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. காதுக்குக் கீழே நெறி கட்டி வீங்கியிருந்தது. கூப்பிட்டால், "ம்" என்று மட்டும் சொன்னான். என் தம்பி பாபு சந்திரகிரியில் இருக்கிறான், திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்குப் போன் போட்டுவிட்டு நானும் அத்தையும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அவன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

டாக்டரம்மா சடையைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிள்ளையின் தலையில் பூ வைத்து அழகு பார்க்கிறாயா என்று தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தார். இன்னும் பரவினால் ரத்தத்தில் கலந்துவிடும், பிள்ளை பிழைப்பதே கஷ்டமாகிவிடும் என்றார். ஊசி போட்டு, பெரிய கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார். மெஷின் கொண்டு வரச் சொல்லட்டுமா, இப்போதே இங்கேயே எடுத்துவிடலாம் என்றார்.

"மேடம், மொக்கு," என்றேன். வேண்டுதல் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். அத்தை பக்கத்தில் வந்து, "கொண்ட மீத தீயாலம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். மலைமேல்தான் எடுக்க வேண்டும் என்று.

திருப்பதி டாக்டர் அல்லவா, அதற்குமேல் அவர் வாதாடவில்லை. கடியாரத்தைப் பார்த்தார். "இப்புடே வெள்ளண்டி. மத்யான்னம் நா தக்கர உண்டாலி," என்றார். இப்போதே போங்கள், மத்தியானம் என்னிடம் இருக்க வேண்டும் என்று அர்த்தம். நாளை, நாளன்றைக்கு என்று தள்ளிப்போட இடமே வைக்கவில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். பாபு திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, மாமா கிட்ட சொல்லாம..."

"எங்கடா சொல்றது?" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

மலைமேல்

அடிவாரத்தில் ஆட்டோவை விட்டுவிட்டு மலை பஸ் ஏறினோம். வளைவுக்கு வளைவு சரண் என் மடியில் உருண்டான். ஜன்னலோரம் ஒரு குடும்பம் கோவிந்தா கோவிந்தா என்று உற்சாகமாகக் கூவிக்கொண்டு வந்தது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. இன்றைக்கு இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும், அங்கே அந்த மனுஷனும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாமா கூடாதா என்ற யோசனையிலேயே மலை வந்துவிட்டது.

மலைமேல் மொட்டை போடுகிற கல்யாணக்கட்டா மண்டபத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும். ஈரத் தரை, ஈர முடியின் வாடை, தண்ணீர் சத்தம், குழந்தைகளின் கூச்சல். வரிசையாக உட்கார்ந்து தலையைக் குனிந்திருக்கிறார்கள். மேஸ்திரி, மில் முதலாளி, காலேஜ் பெண், கல்யாணம் ஆகி மஞ்சள் கயிறு மாறாத புதுப்பெண். தலை ஈரமானதும் எல்லாரும் ஒரே ஜாடைக்கு வந்துவிடுகிறார்கள்.

முடி இறக்க எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், பிளேடை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டியைக் காட்டினேன். "ஏமீ காதம்மா," ஒன்றும் ஆகாது என்று அவள் சொன்ன விதத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாபு சம்மணம் போட்டு உட்கார்ந்து சரணை மடியில் வாங்கிக்கொண்டான்.

சடையை அவிழ்த்துத் தண்ணீரைத் தொட்டதும் ஆரம்பித்தான் பாருங்கள். எத்தனையோ மாதமாக "எனக்கு வாணாம் வாணாம்" என்று அழுதவன், இப்போது இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டான்.

"நைனா வரல! நைனா வந்ததும்தானே சொன்ன!"

"நைனா அப்பால வரும்டா..."

"பொய்! நைனாக்கு இத காட்டணும்! எடுக்காத!"

அந்தக் கூச்சலுக்கு நடுவில் எனக்குப் புரிந்தது. அந்த முடி போய்விட்டால் அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் விளையாட ஒன்றும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை இதை வார்த்தையில் சொல்லத் தெரியாமல் தொண்டை கிழியக் கத்தினான். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ எடுத்துக்கோ! நீ மொதல்ல எடுத்துக்கோ!" என்றான் என்னைப் பார்த்து.

நான் மூன்று கத்திரி கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள், நுனியில் மூன்று முறை கத்தரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். எனக்கு முழு வேண்டுதல் எதுவும் இல்லை. அந்த நிமிஷம் வரை இல்லை.

"சரி, பாரு," என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஏய் சுகுணா, இன்னாடி பண்ற?" என்று அத்தை ஓடி வந்தார்.

"வேண்டிக்கினேன் அத்தெ."

"எப்ப வேண்டிக்கின?"

"இப்பதான்."

என்ன வேண்டினேன் என்பதை மறைப்பானேன்? ஆளை முழுசாக அனுப்பு, என் தலையை எடுத்துக்கொள் என்றேன். சாமியிடம் அதட்டிப் பேசக்கூடாது என்பார்கள். நான் அதட்டித்தான் கேட்டேன். பிளேடு முன்நெற்றியில் ஏறிப் பின்னால் போனபோது சில்லென்றிருந்தது. மடியில் விழுந்த முடியைப் பார்த்து எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை.

சரண் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து நான் திரும்பியதும் கையை நீட்டி என் தலையைத் தொட்டான். பிறகு தன் முடியிலிருந்து கையை எடுத்தான். அந்தப் பெண் கட்டிமேல் படாமல் சுற்றிச் சுற்றி, பழத்துக்குத் தோல் சீவுவதுபோல் பொறுமையாக எடுத்தாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் வரிசையில் நிற்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தலையில் சந்தனத்தோடு அடுத்த பஸ்ஸில் இறங்கினோம். கட்டி மேல் மட்டும் சந்தனம் வைக்கவில்லை. மத்தியானம் டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் தோளைத் தட்டிவிட்டு மருந்துத் தட்டை இழுத்தார்.

கட்டிலில் சாய்த்து வைத்த போன்

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மருந்து பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கி, கட்டிகள் வற்றி, சரண் சோறு கேட்டுத் துன்ன ஆரம்பித்தான். ஆனால் போன் வரவில்லை. பிள்ளையின் மொட்டைத் தலை வீட்டுக்குள் அங்கும் இங்கும் ஓடும்போதெல்லாம் நான் போய்ப் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். கையைத் தூக்கி அவன் தன் தலையைத் தடவினால் "கையை எடுடா" என்று அதட்டுவேன். எதற்கு அதட்டுகிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம். வெயில் தாங்காமல் முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பொட்டு துண்டோடு போய்விட்டது, அதை நான் கவனிக்கவில்லை. சரண் தலையில் மருந்து பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். வீடியோ கால்.

எடுத்தேன். முதலில் வெறும் வெள்ளை தெரிந்தது. பிறகு ஒரு தாடி, உரிந்து கறுத்த மூக்கு, வெடித்த உதடு. யாரோ என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

"எம்புள்ளே!" என்று அத்தை போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. எத்தனை நாள் அடக்கி வைத்த அழுகையோ, மாரில் அடித்துக்கொண்டு அழுதார். சரண் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கட்டில் தலைமாட்டில் சாய்த்து வைத்தான். "நைனா! இங்க பாரு!" என்று தலையைக் குனிந்து மொட்டையை நேராகக் காமிராவில் காட்டினான்.

அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. படம் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உறையவில்லை, தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அவர் கண் பிள்ளையின் தலையிலிருந்து என் தலைக்கு வந்தது. மொட்டை. என் நெற்றிக்கு வந்தது. பொட்டில்லை. எனக்குப் பின்னால் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற அம்மா.

"சுகுணா," என்றார். குரல் உடைந்தது. "யாரும்மே சொன்னது? தப்பா சொல்லிகீறாங்க. நான் கீறேன். உயிரோட கீறேன்மே!"

"அய்யோ, இல்லீங்க! வேண்டுதலுங்க!" என்று கத்தினேன்.

"ஒண்ணியும் கேக்கல. நீ பேசறது ஒண்ணியும் கேக்கல. அழாத. இங்க பாரு, நான்தான். அம்மா, அழாதம்மா. எனக்கு ஒண்ணியும் ஆவல."

அவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேசுவது அங்கே போகவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்து இந்தியில் ஏதோ சொன்னார். பின்னால் நடந்து போய் அந்தப் பனியில் தனியாக நின்றார். குல்லாயைக் கழற்றிக் காட்டினார். இரண்டு கையையும் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு காலைத் தூக்கினார், இன்னொரு காலைத் தூக்கினார், ஒரு சுற்றுச் சுற்றினார். வழுக்கி விழப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்.

"நைனா டான்ஸ் ஆடுது!" என்று சரண் கைதட்டினான்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து போனை வாங்கினார். "பாத்தியா? கை கீது, கால் கீது. எல்லாம் கீது. நான் செத்துப் பூடல சுகுணா. உயிரோட கீறேன்."

விளக்கிச் சொல்ல வார்த்தை தேவையில்லை. ஒரு விரலால் என் நெற்றியில் நாமம் போட்டுக் காட்டினால் போதும், எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அந்தக் கணமே புரிந்துவிடும். என் விரல்கூட நெற்றிக்குப் போய்விட்டது.

அத்தை அழுதுகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருடி," என்றார். "இன்னொரு தபா சொல்லட்டும்."

நான் கையை இறக்கிக்கொண்டேன். அவர் இன்னொரு முறை சொன்னார்.